கல்லமேட்டு ஓடையில் இறங்கிய நாள்

கல்யாணமாகி மதுரை அரசரடியில் அந்தக் காம்பவுண்டு வீட்டுக்குள் நுழைந்த அன்று, படுக்கை அறைச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஏழெட்டுக் கட்டத்தாள்களைக் கோந்து போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, பென்சிலால் அடுக்கடுக்காக வரைந்திருந்தது. அடியில் மஞ்சள் தீட்டிய பட்டைகள், அவற்றுக்குள் தடித்த, சுருள்சுருளான சிப்பிகளின் படம். அதற்கு மேல் மணல் என்று காட்டப் புள்ளிகள். நெஞ்சு உயரத்தில் செம்மண் நிறமும் சாம்பல் நிறமும் கலந்த பட்டைகள், நடுநடுவே எலும்புத் துண்டு போலச் சின்னச் சின்ன வரைவுகள். அவை முடிகிற இடத்தில் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வெள்ளை. கட்டிலில் படுத்தால் அந்தக் கோடு நேராகக் கண்ணில் படும். நான் எழுமலைக்காரி. மேற்கே மலையில் இடி இடித்தால் நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற சாதி. எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஒருநாளும் எட்டிப் பார்த்தது கிடையாது. அப்படிப்பட்டவளை எங்கள் அய்யா நிலவியல் படித்த ஒரு கல்லூரி வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் திருவாதவூர். ஆறடி உயரம், வாய் நிறையச் சிரிப்பு, சாப்பாடு மட்டும் யாரோ துரத்துவதுபோல வேகம். வருஷத்தில் மூன்று நான்கு தடவை அரியலூர்ப் பக்கம் போய்ப் பத்து நாள் தங்கி, ஓடைகளுக்குள் இறங்கிக் கரைகளை அளந்துவிட்டு, மூட்டை மூட்டையாக மண்ணும் கல்லும் கொண்டுவருவார். டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. அந்தச் சுவர்ப் படம் என்னவென்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கதை மாதிரி சொன்னார்.

"அடியில இருக்கிறது கடலு. அரியலூர் முழுக்க அப்ப கடல்தான். அப்புறம் கடல் பின்வாங்கி ஆறு வந்துச்சு. ஆத்தங்கரையில டைனோசர் நடந்துச்சு. செத்ததோட எலும்பு இன்னமும் கல்லமேட்டுப் பக்கம் மண்ணுல கிடக்கு. அப்புறம் திரும்பக் கடல் வந்து வெள்ளைச் சுண்ணாம்பா படிஞ்சிருச்சு. நின்னியூர்ச் சுண்ணாம்புன்னு பேரு. ஆனா திரும்பி வந்த கடல்ல பழைய சுருட்டைச் சிப்பி ஒண்ணுகூடக் கிடையாது. கரையில டைனோசரும் கிடையாது."

"எங்க போச்சாம்?"

"எங்கயும் போகல. முடிஞ்சுபோச்சு."

"எதனால?"

"தெரியல புள்ள. உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியல. அந்தச் சிவப்புக் கோட்டுல என்ன நடந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது."

அவர் அதைச் சந்தோஷமாகச் சொன்னார். நேற்றுவரை இருந்தவர்கள் இல்லாமல் போவதைச் சாவு என்று எனக்குத் தெரியும். அழுவதற்குக்கூட ஓர் ஆள் மிஞ்சாமல் மொத்தமும் இல்லாமல் போகும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். எத்தனையோ நாள் முகத்தைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் தூங்கினேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம். எனக்கு ஐந்தாம் மாதம். அமெரிக்காக்காரன் வானத்தில் விட்டிருந்த ஸ்கைலாப் என்கிற விண்வெளிக் கூடம் உடைந்து கீழே விழப் போகிறது, எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது என்று பேப்பரில் வந்தது. பேப்பர் படிக்காதவர்களுக்கு அது இன்னும் பெரியதாகப் போய்ச் சேர்ந்தது. மதுரை மேல்தான் விழுகிறது என்றார்கள், கோபுரத்தின் மேலேயே விழும் என்றார்கள். எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த ஐந்து குடும்பத்தில் ஒன்று சொந்த ஊருக்கே போய்விட்டது. ஊரில் மட்டும் வானம் இல்லையா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சமயத்தில்தான் இவர் பையைத் தூக்கினார். மழைக்காலம் தொடங்குமுன் கல்லமேட்டுப் பக்கத்து ஓடை ஒன்றை அளந்தாக வேண்டும், எலும்பு முடிகிற மண்ணும் சுண்ணாம்பு தொடங்குகிற மண்ணும் இடையில் அறுபடாமல் ஒரே கரையில் தெரிவது அந்த இடத்தில்தான் என்றார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அது விழுந்தப்புறம் போங்களேன்."

"இம்புட்டுப் பெரிய பூமியில அதுக்கு விழுறதுக்கு நம்ம அரசரடிதான் கிடைச்சுச்சா? பத்து நாள்தான் புள்ள. வாரேன்."

சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அது விழும் என்று சொன்ன நாளில் தெருவே வேறு மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. பக்கத்து வீட்டில் பரவைக்கார அக்கா ஒருவர் இருந்தார். பரவைச் சந்தையிலிருந்து காய்கறி கொண்டுவந்து வீதிவீதியாக விற்பவர். அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகாமல் வளர்த்த சேவல்கள் இரண்டையும் அடித்துக் குழம்பு வைத்துவிட்டார். "சாகுறதா இருந்தா வயித்த நெறச்சுட்டுச் சாவோம்த்தா, வா" என்று தட்டில் போட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு இறங்கவில்லை. மாடிப்படிக்கு அடியில், துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்க்காமல் இருந்தேன். மேலேயிருந்து வருகிற ஒன்றைக் கைகளால் தடுத்துவிட முடியும் என்பதுபோல. பொழுது சாய்கிறவரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் வெட்டவெளியில் நிற்பாரே, தலைக்கு மேல் ஓடுகூட இருக்காதே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து என்ன வருமோ என்று பயந்த எனக்கு, பக்கவாட்டில் நின்ற மண்ணைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை.

மறுநாள் காலை ரேடியோவில், அது ஆஸ்திரேலியாப் பக்கம் போய் விழுந்துவிட்டது, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். தெருவில் யாரோ வெடி போட்டார்கள். பரவைக்கார அக்கா அநியாயமாகப் போன சேவல்களுக்காக ஒப்பாரி வைப்பதுபோல நடித்துக் காட்ட, காம்பவுண்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குமுன் தந்திக்காரர் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். வீட்டுச் சொந்தக்காரர்தான் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் பரவைக்கார அக்காவைப் பார்த்தார். கணவருக்கு அடிபட்டிருக்கிறது, உடனே புறப்பட்டு அரியலூருக்கு வரவும் என்று இருந்தது. அவ்வளவுதான். உயிர் இருக்கிறதா என்று அதில் இல்லை. எழுமலைக்கு ஆள் அனுப்பி அய்யாவை வரவழைக்க நேரமில்லை. பரவைக்கார அக்கா உடுத்திய சேலையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். திண்டுக்கல், திருச்சி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று வண்டி போனது. வழியெல்லாம் நான் அவரை உயிரோடு ஒரு தடவை, செத்தவராக ஒரு தடவை என்று மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். எது வந்தாலும் தயாராக இருந்துகொள்ளலாம் என்று. அப்படியெல்லாம் தயாராக முடியாது.

உயிரோடு இருந்தார். விலா எலும்பு இரண்டு முறிந்து, இடது பாதம் நசுங்கி, நெஞ்சு முழுக்கக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பத்து விரல் நகங்களுக்குள்ளும் சாம்பல் நிறக் களிமண். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் முகத்துக்குப் பின்னால் இருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது அதைச் சாத்தப் போனால் கையைத் தூக்கி வேண்டாம் என்றார். நடந்ததை ஆஸ்பத்திரி வராண்டாவில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் ஆட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். முந்தைய நாள் பெய்த ஒரு மழையில் ஓடைக்கரை ஊறியிருந்திருக்கிறது. இவர் கரையை ஒட்டிக் குனிந்து மண் எடுத்துக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்துவிட்டது.

"ஆடு ஒண்ணு தப்பிப் போச்சும்மா. தேடிக்கிட்டு ஓடைக்குள்ள இறங்குனா தலையும் ஒரு கையும் மட்டும் வெளிய தெரியுது. சத்தம்கூடப் போட முடியல. மூச்சை விட விட மண்ணு இறுக்கும்மா. விட்ட மூச்சுக்கு இறங்குன நெஞ்சு திரும்ப மேல வராது. நான் கையாலயே பறிச்சேன். பறிக்கப் பறிக்க மேலேருந்து வந்துக்கிட்டே இருந்துச்சு."

உச்சிவெயிலில் விழுந்த மண். ஆட்டுக்காரர் பார்த்தபோது வெயில் சாய்ந்திருந்ததாம். அந்த ஆடு தப்பிப் போகாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பை இன்றுவரை என்னால் முழுதாக நினைத்து முடிக்க முடியவில்லை.

மதுரைக்கு வந்து சேர்ந்தவர் வேறு ஆள். கால் தேறியது, லேசாக இழுத்து நடந்தார். கல்லூரிக்கும் போனார். ஆனால் வந்த முதல் நாளே கட்டில்மேல் ஏறிச் சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்து எடுத்தார். எடுத்ததைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு அந்த அறைக்குள் படுப்பதையே நிறுத்திவிட்டார். மழையோ பனியோ வாசல் முற்றத்தில்தான் கட்டில். தலைவழியாகப் போடுகிற பனியனை விட்டுவிட்டார். துணி முகத்தைக் கடக்கிற அந்த ஒரு கணத்தைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. வகுப்பில் கதவை மூடினால் பாடம் நின்றுவிடும் என்று அவருடைய மாணவர்கள் கதவுக்குக் கல் முட்டுக் கொடுத்து வைப்பார்களாம். கேட்பவர்களிடமெல்லாம் எனக்குக் காற்று வேண்டும் என்று மட்டும் சொல்வார். அந்த ஓடையில் இருந்த நேரத்தைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். மகள் பிறந்து தொட்டிலில் கிடந்த நாட்களில் ஒரு மத்தியானம், நான் கேட்காமலே சொன்னார். "என் கண்ணுக்கு நேரா அந்த இடம்தான் இருந்துச்சு. இத்தனை வருஷம் தேடுன இடம், ஒரு சாண் தூரத்துல. ஆனா நான் எதையும் பாக்கல. பொண்டாட்டி, வயித்துப் பிள்ளை, எதையும் நினைக்கல. அடுத்த மூச்சு, அடுத்த மூச்சு, அம்புட்டுதான். என்னைய மன்னிச்சுரு." நினைக்காததற்கு மன்னிப்புக் கேட்டார். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

மகளுக்கு இரண்டரை வயதிருக்கும். நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தவரின் பின்னால் போய், விளையாட்டாகத் தன் பாவாடையால் அவர் முகத்தை மூடினாள். அவர் போட்ட அலறலில் காம்பவுண்டே ஓடிவந்தது. உதறிய கை பட்டுக் குழந்தை சுவரில் போய் மோதிப் புருவம் கிழிந்தது. இரத்தத்தைப் பார்த்ததும் அவர் வாசலுக்கு ஓடிப்போய்த் தெருவில் நின்றார். உள்ளே வரவே இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காயத்தில் துணியை அழுத்தியபடி நான் வெளியே போனபோது, "என்கிட்ட அவளைக் கொண்டுவராத" என்றார். எனக்கு உண்மையாகவே பயம் வந்தது அன்றைக்குத்தான். வானத்திலிருந்து விழுவதற்குப் பயந்தது, தந்திக்குப் பயந்தது எல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரே வீட்டுக்குள் இருக்கிற மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பறித்து எடுக்க ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி நூலகத்துக்கு வெளிநாட்டுச் சஞ்சிகைகள் வந்திருந்தன. வானத்திலிருந்து விழுந்த மலையளவு கல் ஒன்றுதான் டைனோசர்களை அழித்தது என்று யாரோ விஞ்ஞானிகள் எழுதியிருந்தார்களாம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னார். "நீ பயந்தது சரிதான் போல. மேலேருந்துதான் வந்திருக்கு." பிறகு, "இப்ப உலகம் பூரா அந்த இடத்தைத்தான் தேடுறாங்க. எனக்குத் தெரியும் அது எங்க இருக்குன்னு. போக முடியல" என்றார். முகம் கோணியது. மாணவர்களை அனுப்பலாமே என்றேன். "ஒருத்தன் பெத்த பிள்ளையை அந்த ஓடைக்குள்ள நான் இறக்க மாட்டேன்" என்றார். அப்போது நான் சொன்னது எனக்கே இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

"நான் இறங்குறேன். எப்படின்னு சொல்லுங்க."

சம்மதிக்க அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. எண்பத்து நான்காம் வருஷம் மாசி மாதம், மண் நன்றாகக் காய்ந்து இறுகியிருக்கும்போது, மகளை எழுமலையில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனோம். அந்த ஆட்டுக்காரரே வழிகாட்டினார். என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஒரு வேலமரத்தில் சுற்றி அவர் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஓடையின் விளிம்புக்கு நாலடி தள்ளி மண்டி போட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் முன்னால் வர அவரால் முடியவில்லை. நான் இறங்கினேன். உள்ளே போகப் போக வெளியுலகத்துச் சத்தம் குறைந்தது. கரை என் தலைக்கு மேலே இரண்டாள் உயரம். கையை வைத்த இடத்தில் மண் பொருபொருவென்று உதிர்ந்து கழுத்துக்குள் விழுந்தது. ஒவ்வொரு தடவை உதிரும்போதும் என் மூச்சு நின்று நின்று வந்தது. மேலேயிருந்து அவருடைய குரல் கேட்டது.

"இருக்கியா?"

"இருக்கேன்."

பத்து எண்ணுவதற்குள் மறுபடியும், "இருக்கியா?"

"இருக்கேங்க. பேசாம இருங்க, அளக்க விடுங்க."

அவர் சொல்லியிருந்தபடியே தேடினேன். இடுப்பு உயரத்தில் கரடுமுரடான சாம்பல் மண், அதில் அச்சுவெல்லம் உடைந்ததுபோல அரக்கு நிறத்தில் எலும்புத் துணுக்கு. என் தலைக்கு மேலே வெளிறிய சுண்ணாம்பு, அதில் நகக்கண் அளவுக்குச் சின்னச் சிப்பிகள். இரண்டுக்கும் நடுவில் வழவழப்பான களிமண். அதில் விரலை வைத்து மெல்ல மேலே நகர்த்தினேன். சிப்பி இல்லை, எலும்பு இல்லை, ஒரு பொடிக் கல்கூட இல்லை. இங்கேதான் அது நடந்திருக்க வேண்டும். நடந்தது என்னவென்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. இந்த வெறுமைக்காகத்தான் இவர் கழுத்துவரை புதைந்தாரா என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாடாவை வைத்து அளவைப் படித்துச் சொன்னேன். மேலே பென்சில் ஓடுகிற சத்தம்கூட இல்லை. "எழுதுனீங்களா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால், காலை நீட்டி உட்கார்ந்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சரிவில் தேய்ந்து தேய்ந்து அவர் இறங்கிக்கொண்டிருந்தார். "வராதீங்க!" என்று கத்தினேன். வந்துவிட்டார். என் பக்கத்தில் நின்று, என் தோளை வலிக்கும்படி பிடித்துக்கொண்டார். சட்டை வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது. கண்ணைத் திறந்து அந்தக் களிமண்ணைப் பார்த்தார். மண்ணைப் பார்ப்பதற்காக அவர் இறங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. "உன்னையத் தனியா விட முடியல" என்றார். இரண்டு நிமிஷம் இருந்திருப்போம். நான்கு பிடி மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளி மேலே ஏறினோம். ஏறியதும் வெயிலில் குப்புறப் படுத்துக் குழந்தை மாதிரி அழுதார். ஆட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டினார்.

அந்த அளவை வைத்து ஆராய்ச்சியை முடித்தார், பட்டமும் வாங்கினார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வைகைப் பாலத்தில் நடக்கிற அளவுக்குத் தேறினார். ஆனால் பயம் போய்விட்டது என்று நான் சொன்னால் அது பொய். சாகிறவரை வாசலில்தான் படுத்தார். அவரைப் பற்றி இன்றைக்குப் பேசுகிற பழைய மாணவர்கள், எதற்கும் அஞ்சாமல் காடுமேடெல்லாம் சுற்றியவர் என்று பேசுகிறார்கள். அரியலூர்ப் பக்கத்து ஓடைகளுக்கு இப்போது காரிலேயே போகிறார்களாம், போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. நான் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை.

அவர் இறந்து நான்கு வருஷமாகிறது. இறந்த அன்று காலை திருவாதவூரிலிருந்து என் கொழுந்தன் உறவுக்காரர்களோடு வந்து இறங்கினார். அவர்கள் வழக்கத்தில் சொந்த நிலத்தில் புதைப்பதுதான். "எங்க அய்யாவுக்குப் பக்கத்துலயே எடம் பாத்தாச்சு மதினி. ஆள் விட்டுக் குழி தோண்டச் சொல்லிட்டேன்" என்றார். நான் அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன்.

"குழி வேண்டாம். தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோங்க. எரிச்சிருங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பரம்பரை வழக்கத்தை மாற்ற ஒரு பொம்பளை யார் என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். கொழுந்தன் கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டு, "ஏன் மதினி?" என்று என்னிடம் கேட்டார். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்று, நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். மூச்சை விட விட மண் இறுகியதை, ஆட்டுக்காரர் கையால் பறித்ததை, என் பிள்ளையின் புருவம் கிழிந்ததை. "திரும்ப அவரை மண்ணுக்குள்ள வைக்க நான் விட மாட்டேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை.

கொழுந்தன் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். "காத்துக்காகத்தான் வாசல்ல படுக்குறாருன்னு இம்புட்டு நாளும் நெனச்சிருந்தேன்" என்றார். பிறகு போனை எடுத்து, ஊரில் தோண்டிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, மண்ணைத் திருப்பித் தள்ளி மூடிவிடச் சொன்னார்.